அவர் பெயரில் என் சுகர்

என் கணவருக்குச் சுகர் வந்தபோது மூன்று பேர் அழுதார்கள். முதலில் அவரே அழுதார். அடுத்து, கொட்டாரம் என்கிற ஊரில் இருக்கிற அவருடைய அக்காள் பஸ் ஏறி வந்து அழுதாள். மூன்றாவதாக எங்கள் ஒரே மகள், மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறவள், போனில் அழுதாள். வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் நான்தான் சாயா போட்டேன். அக்காளுக்குச் சீனி போட்டு, அவருக்குப் போடாமல்.

எனக்குச் சுகர் வந்தது 2004இல், சுனாமிக்கு முந்தின மாதம். அன்றைக்கு ஒருவரும் அழவில்லை. மகள் அப்போது எட்டாம் வகுப்பு. "அம்மாவுக்குச் சுகராம்" என்று அவர் சொன்னதும், "அப்போ இனி வீட்டுல பாயசம் கெடையாதா?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் கடல் ஏறி வந்து, கரைக்காரர்கள் எங்கள் சர்ச் ஹாலில் பாய் விரித்துக் கிடந்தபோது, நான் கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அந்த நேரத்தில் யாரிடம் போய் எனக்குச் சுகர் என்று சொல்வது? சொல்லாமலே பழகிப்போயிற்று.

ஏழு வருடம் மாத்திரை. பிறகு இன்சுலின் ஊசி. நான் சுசீந்திரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். காலையில் தேங்காய் துருவுகிற இடைவெளியில் சேலையை விலக்கி வயிற்றில் ஊசியைக் குத்திக்கொண்டு, கையைக் கழுவி, தோசையைத் திருப்பிப் போடுவேன். ஊசி மருந்து ஃபிரிட்ஜில் முட்டை வைக்கிற குழியில் இருக்கும். மகள் முட்டை எடுக்கும்போது அதைத் தள்ளிவிட்டு எடுப்பாள். அவள் நர்ஸிங் படிக்கையில் ஊசி போடக் கை பழகியது என் வயிற்றில்தான். "அசையாத இரும்மா" என்பாள். அசையாமல்தான் இருந்தேன். நன்றாகவே பழகிக்கொண்டாள். அந்தக் கையோடுதான் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினாள்.

முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். என் சுகர் முற்றத்து முல்லை. அவருடையது நேற்றுப் பூத்த ரோஜாப்பூ. ஆயிற்றா, நான் பொறாமைக்காரி என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

அவருக்கு வந்ததோ ஒரு நாளைக்கு ஒரு மாத்திரைச் சுகர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், தினமும் காலையில் குளத்தங்கரை வரை நடக்கிறவர். அந்த ஒரு மாத்திரைக்கு மகள் வாரம் இரண்டு முறை போன் செய்து, "அப்பா மாத்திர போட்டியளா?" என்று கேட்பாள். என்னைக் கேட்க மாட்டாள். என்னிடம் கேட்பது, "அம்மா, அப்பா மாத்திர போட்டாரா?"

2018இல் ஒரு நாள், மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த ஒரு பையனிடம் பார்சல் கொடுத்துவிட்டிருந்தாள். பேரீச்சம்பழம், தைலம், ஒரு புது போன், அதோடு இரண்டு சின்ன அட்டைப்பெட்டி. பெட்டியின் மேல் கறுப்பு மையால் 'அப்பா' என்று எழுதியிருந்தது. இரண்டு பெட்டியிலும் அப்பாதான். நான் பேரீச்சம்பழ டப்பாவைக்கூடத் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதவில்லை.

பெட்டிக்குள் இருந்தது சென்சார். குட்டிப் பப்படம் அளவில் வெள்ளையாக ஒரு வில்லை. மேல்கையின் பின்பக்கம் வைத்து அழுத்தினால் தலைமுடி கனத்துக்கு ஒரு இழை தோலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பதினான்கு நாள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். குளிக்கலாம், கொள்ளலாம். போனை அதன் பக்கத்தில் கொண்டுபோனால் 'டிங்' என்று சுகர் எண் வரும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பக்கத்தில் ஒரு அம்புக்குறி காட்டும். விரலில் குத்த வேண்டாம், ரத்தம் வேண்டாம். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், இங்கே 'டிங்' என்ற அடுத்த நிமிடம் அதே எண் மஸ்கட்டில் மகளுடைய போனுக்கும் போய்விடும்.

பதினான்கு வருடமாக என் விரல் பத்தும் சல்லடை. ரத்தம் தொட்டுப் பார்க்கிற குச்சி விலை கூடுதல் என்று வாரம் ஒரு தடவைதான் குத்திப் பார்ப்பேன். ஊசிமுனை ஒன்றை மழுங்குகிற வரை வைத்திருப்பேன். அந்த மனுஷருக்கோ வெள்ளை வில்லை. வயிறு காந்தாதா எனக்கு?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றார். ஆண்கள் சூழ்ந்துகொண்டார்கள். போனை வைத்தார். நூற்று இருபத்தெட்டு. "கொள்ளாமே, நல்லாருக்கே! நேரே மஸ்கட்டுக்குப் போவுதா? மக பாத்துருவாளா?" என்று கேட்டார்கள். "பாத்துட்டு இருக்கா" என்றார் அவர். அந்த 'பாத்துட்டு இருக்கா'வில் இருந்த பெருமையை எடுத்து ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம். ஒரு அம்மாள் என் பக்கம் திரும்பி, "ஒங்களுக்கில்லா ரொம்ப வருசமா இருக்கு? ஒங்களுக்குப் போடலியா?" என்று கேட்டாள். கேட்காமல் இருப்பாளா?

"எனக்கெதுக்கு? எனக்குத்தான் விரலு பத்து இருக்கே" என்றேன்.

தினமும் போன் வர ஆரம்பித்தது. "அப்பா, நூத்திப் பதினெட்டு. சூப்பர்ப்பா." "அப்பா, சாயங்காலம் நடந்தியளா? எறங்கியிருக்கு பாத்தியளா?" பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பையன் மாதிரி அவர் சிரிப்பார். எனக்கு நூற்றுப் பதினெட்டு என்ற எண்ணைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. அந்த எண் என் வாழ்க்கையில் ஒரு நாளும் வந்ததில்லை.

ஒரு புதன்கிழமை, நான் செய்ததைச் செய்தேன். மரச்சீனிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, வேகவைத்து, சாளை மீன் குழம்பு வைத்தேன். வழக்கமாக அவருக்கு நாலு துண்டு அளந்து வைக்கிற நான், அன்றைக்குத் தட்டு நிறையக் குவித்தேன். தின்றுகொண்டிருக்கும்போதே இன்னொரு அகப்பை போட்டேன். "மதி, போதும்" என்றார். "இன்னும் கொஞ்சம் தின்னுங்க, மிஞ்சினா வீணாப் போவும்" என்றேன். உள்ளே ஆசை என்னவென்றால், அந்தச் சூப்பர் எண் ஒரு நாளாவது கவிழ வேண்டும், அவள் அவரை ஒரு வார்த்தை திட்ட வேண்டும்.

கவிழ்ந்தது. இருநூற்று நாற்பத்தாறு. போன் வந்தது. "அம்மாகிட்டக் குடுங்க" என்றாள்.

"அம்மா, நீ என்னத்தக் குடுத்த அப்பாவுக்கு? வேணும்னே குடுத்தியா?"

நர்ஸ் அல்லவா, சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். தந்தைக்கு 'நீங்க', தாய்க்கு 'நீ', திட்டுவதும் தாயைத்தான். அன்று முழுக்க நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவர் மட்டும் இரண்டு தடவை வந்து, "கெழங்கு நல்லாத்தான் இருந்துது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினான்கு நாள் முடிந்து வில்லையைப் பிய்த்தபோது அவர் கையில் வட்டமாகச் சிவந்து தடித்திருந்தது. சொறிந்துகொண்டே இருந்தார். அடுத்ததைப் போட அவருக்கு மனமில்லை. "பிள்ளகிட்டச் சொல்லி வேண்டாம்னு வச்சிரலாமா?" என்று கேட்டார்.

"எனக்குப் போடுங்க" என்றேன்.

சொறிவதை நிறுத்தினார். "போடலாமே. பிள்ளகிட்டச் சொல்லிட்டுப் போடுவோம்."

"சொல்லப்பிடாது."

"ஏன்?"

ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். என் எண்ணை என் பெயரில் அனுப்பினால் அவள் பார்க்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பார்த்தாலும், அம்மாவுக்கு அப்படித்தான் என்று போனை மூடி வைப்பாள். அதே எண்ணை அப்பாவின் பெயரில் பார்த்தால் என்ன செய்வாள்? எனக்கு அது தெரிய வேண்டும். என் உடம்புக்கு என்ன நடக்கிறதோ, அதற்காக என் மகள் ஒரு தடவையாவது பதறுவதைப் பார்க்க வேண்டும். யார் பெயரில் பதறினால் என்ன?

ஒரு சண்டை போட்டுத்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். வில்லையை என் கையில் வைத்து அவரே அழுத்தினார். நட்டு முறுக்கின கை, நடுங்கவில்லை. ஜாக்கெட்டின் கை மூடிக்கொண்டது. போனில் இருந்தது அவர் பெயர்.

முதல் நாள் மத்தியானம் முந்நூற்றுப் பத்து. போன் வர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, என்ன சாப்பிட்டிய?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சாப்பிட்டது ஒரு அகப்பைச் சோறும் முருங்கைக்கீரையும்தான். சும்மாவே அப்படி ஏறும் எனக்கு. "சக்கப்பழம் மக்கா. ரெண்டு சொள" என்று அவர் பலாப்பழத்தின்மேல் பழியைப் போட்டார்.

"அப்பா, ப்ளீஸ்ப்பா. எனக்கு ஒங்கள விட்டா யாரு இருக்கா?"

நான் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். இங்கேதானே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அறுபத்திரண்டுக்கு இறங்கிற்று. அதற்கும் போன். மறுநாள் காலை இருநூற்று எண்பது. அதற்கும் போன். என் சுகர் ஒரு நாளும் ஓரிடத்தில் நிற்காது, திருவிழா ராட்டினம்தான். பதினான்கு வருடம் நான் தனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்த ராட்டினத்தில் என் மகள் இப்போது ஏறி உட்கார்ந்து அலறினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போனை வில்லைமேல் வைத்தேன்.

ஆனால் அந்தச் சந்தோஷம் நாலு நாளைக்கு மேல் தங்கவில்லை. எண் என்னுடையது, அழுகை அவருக்கு. "அப்பா, தலை சுத்துதாப்பா? கை விறைக்குதாப்பா?" என்று கேட்பாள். தலை சுற்றுவது எனக்கு. அவர் என் முகத்தைப் பார்த்து, நான் தலையாட்டினால், "லேசாச் சுத்துது மக்கா" என்பார். அந்த 'அய்யோ அப்பா' போய்ச் சேருகிற இடம் அவருடைய காது. நான் செய்த சமையலுக்கு வேறொருவர் பாராட்டு வாங்குவதை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஒன்பதாவது நாள் மகள் சொன்னாள், "அப்பா, நான் லீவு கேட்டிருக்கேன். அடுத்த வாரம் வாறேன். ஒங்கள நானே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்."

அவள் ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. என் கண்புரை ஆபரேஷனுக்குக்கூட லீவு கிடைக்கவில்லை.

போனை வைத்ததும் அவர் எழுந்து நின்றார். "ஏட்டி, போதும். பிள்ள பயந்து போய்க் கெடக்கா. சொல்லிருவோம்."

"வரட்டும். வந்த பிறகு சொல்லிக்கலாம்."

"பொய்யச் சொல்லி வரவைக்கதா?"

"எந்தப் பொய்? அந்த எண்ணுல எது பொய்? நான் என்ன, கையில வெல்லத்தத் தேச்சா வச்சிருக்கேன்?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை.

பதினொன்றாவது நாள், மாதக் கடைசி வெள்ளி. எங்கள் சர்ச் பெண்கள் சங்கத்தின் உபவாசக் கூட்டம். காலையில் சாப்பிடாமல் வந்து, ஒரு மணி வரை ஜெபம். பிறகு எல்லோருக்கும் பயறுக் கஞ்சி. சீக்காளிகள் உபவாசம் இருக்க வேண்டாம் என்று போதகர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். நாங்கள் கேட்டால்தானே? சுகர் உள்ள நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வழி வைத்திருந்தோம். அன்றைக்குக் காலை ஊசியைப் பாதியாகக் குறைத்துப் போட்டுக்கொள்வது, ஒரு மணிக்கு முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவது. ஒவ்வொரு மாதமும் தப்பித்துக்கொண்டிருந்தோம். டாக்டருக்கு இது தெரியாது, கர்த்தருக்குத் தெரியும் என்பாள் ஒருத்தி.

அன்றைக்குக் காலையில் எனக்கு நினைப்பெல்லாம் மகள் வருவதில் இருந்தது. எந்த மெத்தையில் படுப்பாள், சாளை வாங்கவா நெய்மீன் வாங்கவா என்று யோசித்துக்கொண்டே முழு ஊசியையும் போட்டுவிட்டேன். சர்ச்சுக்குப் பாதி வழி போன பிறகுதான் நினைவு வந்தது. திரும்பி வந்து இரண்டு இட்லி தின்றிருக்கலாம். தின்னவில்லை. மற்றவர்கள் உபவாசம் இருக்கும்போது நான் மட்டும் தின்றுவிட்டு வந்து முழங்கால் போடுவதா என்ற வீம்பு.

ஜெபம் ஒரு மணிக்கு முடிந்தது. கஞ்சிப் பாத்திரத்தைத் திறக்கிற மணம் வந்தது. நான் உட்காரவில்லை. ஒரு மணிக்கு மகளுக்கு இடைவேளை. போன் வருகிற நேரம். போன் வீட்டில் அவரிடம் இருந்தது. அவரோ என்மேல் கோபத்தில் இருக்கிறார், நான் இல்லாத நேரம் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவார் என்று எனக்குப் பயம். வெயிலில் வேகவேகமாக நடந்தேன். பத்து நிமிட வழி. முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

இதற்குப் பிறகு எனக்கு நினைவு இருப்பது பாதி, அவர் சொன்னது பாதி.

அவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் மேஜையிலிருந்து போனை எடுத்து, ஜாக்கெட்டுக் கையின் மேலேயே வைத்தேன். 'டிங்'. நாற்பத்தொன்பது. அம்பு நேராகக் கீழே. எண்ணைப் பார்த்தேன், ஆனால் அது யாருடைய எண் என்பது என் தலையில் தங்கவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, "அலோ" என்றேன்.

"அம்மா, அப்பா எங்க? அப்பாவுக்கு அம்பதுக்குக் கீழ போயிட்டு. ஓடிப் போயிச் சீனித்தண்ணி கலக்கிக் குடு. சீக்கிரம் அம்மா."

நான் அடுப்படிக்குப் போனேன். டம்ளரில் நாலு கரண்டி சீனி போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். பாதி கீழே சிந்திற்று. கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன்.

"குடியுங்க."

"எனக்கெதுக்குட்டி?"

"பிள்ள குடுக்கச் சொன்னா. ஒங்களுக்குக் கொறைஞ்சு போச்சு. குடியுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். டம்ளர் என் கையில் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்ததாம். பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து, டம்ளரை வாங்கி என் வாயில் வைத்தார். நான் தள்ளிவிட்டேன். "எனக்கில்ல, அப்பாவுக்கு. அப்பாவுக்குத்தான் குடுக்கச் சொன்னா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேனாம். அவருடைய சட்டையெல்லாம் சீனித்தண்ணீர். கடைசியில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைப் பிடித்து, குழந்தைக்குப் புகட்டுவதுபோலக் குடிக்க வைத்தார். பிறகு டப்பாவைத் திறந்து ஒரு கை சீனியை அள்ளி என் வாயில் போட்டார்.

ஸ்பீக்கரில் மகள் அழுதுகொண்டே இருந்தாள். "அப்பா, அப்பா குடிச்சாரா? அம்மா, பதில் சொல்லு."

"மக்கா, பதறாத" என்றார் அவர். "வில்ல எனக்க கையில இல்ல. அம்மா கையில. பதினோரு நாளா அம்மா கையிலதான் கெடக்கு."

எனக்கு இதற்குள் தலை தெளிந்து வந்துகொண்டிருந்தது. வார்த்தை ஒவ்வொன்றும் சுத்தமாகக் கேட்டது.

"அப்போ அந்த முந்நூறு, அறுபது எல்லாம் அம்மாவுக்கா?"

"ஆமா."

"ஒங்களுக்கு ஒண்ணுமில்லியேப்பா?"

"எனக்கு ஒண்ணுமில்ல மக்கா."

ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. அதன் பின்னால், மெல்ல, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள்.

என் வாயில் சீனி கரையாமல் இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்தார். "உபவாசக் கூட்டத்துக்குப் போயிட்டு வந்த அம்மாவுக்கு ரொம்பக் கொறைஞ்சு போச்சு. நான் பயந்துட்டேன். நீ வாறல்லா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. அம்மாவுக்கு இது எப்பவும் உள்ளதுதானே. இப்போ லீவு எடுத்தா கிறிஸ்மஸுக்குக் கெடைக்காது. நான் கிறிஸ்மஸுக்கே வாறேன்."

அவர் அவசரமாக ஸ்பீக்கரை அணைக்கப் பார்த்தார். புது போன், அவருக்கு எந்த இடத்தில் அமுக்குவது என்று தெரியவில்லை. "மக்கா, அம்மா இங்கதான் இருக்கா" என்றார்.

"அம்மாகிட்டக் குடுங்க" என்றாள்.

போனை என் மடியில் வைத்தார்.

"அம்மா, குடிச்சியா?"

"குடிச்சேன்."

"இனிமே உபவாசம் கிபவாசம்னு போவாத."

"சரி."

"பதினஞ்சு நிமிசம் கழிச்சு மறுபடியும் பாரு. நான் இங்க பாத்துக்கிடுதேன்."

"எதுக்கு? அப்பாவுக்குத்தான் ஒண்ணுமில்லியே" என்று சொல்லிவிட்டு, போனை அவரிடம் நீட்டினேன்.